ஏரிக்குக் கதவு உண்டா?

"சேதம் எதுவும் இல்லை" என்று எழுதுவதற்காகவே எங்கள் கிர்கிஸ் தலைநகர் பிஷ்கேக்கில் ஒரு மூன்று மாடிக் கட்டிடம் இருக்கிறது. கலைக்கருவிக் காப்பீட்டு மன்றம் என்று அதற்குப் பெயர். எல்லை தாண்டிப் போகும் எந்தப் படக்கேமராவும் அந்த மன்றத்தின் முத்திரை இல்லாமல் போக முடியாது. இருபத்தாறு ஆண்டுகளில் மன்றத்தின் பொறுப்பில் ஒரு லென்ஸில்கூடக் கீறல் விழுந்ததில்லை. வாசலில் பளிங்குக் கல்லில் இதைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லையும் காப்பீடு செய்திருக்கிறார்கள்.

மார்ச் மாதம் பத்தாம் தேதி அந்தக் கட்டிடத்துக்குள் மெதெர் போனான். வயது முப்பத்துமூன்று. பதினோரு ஆண்டுகளாகப் படப்பிடிப்புகளில் பெட்டி தூக்கி, லென்ஸ் துடைத்து, ஒளிப்பதிவாளர் கேட்பதைக் கையில் கொடுத்து வந்தவன். அதுவரை ஒரு காட்சியைக்கூட அவன் எடுத்ததில்லை. இந்த முறை ஒளிப்பதிவாளர் தன் வீட்டுப் படிக்கட்டிலேயே வழுக்கி விழுந்து தோள்பட்டைக் காறையெலும்பை முறித்துக்கொண்டார். இயக்குநர் புருல், "மெதெர், கடைசிக் காட்சியை நீ எடு. எனக்கு உன் கண்ணு மேல நம்பிக்கை இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

கடைசிக் காட்சி ஒன்றும் பெரிதில்லை. உறைந்த ஏரியின் மேல் ஒரு மனிதன் வீட்டுக்கு நடந்து போகிறான். அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஈசிக்-குல் உறையாத ஏரி. சோங்-கோல் உறையும், அதற்குப் போகும் கணவாய் மே மாதக் கடைசியில்தான் திறக்கும். ஆகவே கஸக்ஸ்தானில் பல்காஷ் ஏரிக்குப் போவது என்று முடிவாயிற்று. அங்கே ஏப்ரல் தொடக்கம்வரை பனி நிற்கும். சில ஆண்டுகளில் அதற்கு முன்பே போய்விடும்.

மன்றத்தின் கவுன்டரில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"நீங்க யாரு?"

"பெட்டி தூக்குறவன். இந்தப் படத்துல கேமராவும்..."

"பெட்டி தூக்குறவர்னா பொருள் உங்க கையிலதானே இருக்கும்?"

"ஆமா."

"இங்க ஒரு கையெழுத்து. இங்க ஒண்ணு. பின்பக்கம் ஒண்ணு."

வெளியே வந்தபோது அவன் 'பொருட்பொறுப்பாளர்' ஆகியிருந்தான். கையில் அறுபத்துமூன்று பக்கப் பத்திரம் இருந்தது. பயணத்தில் மன்றத்தின் கண்காணிப்பாளர் ஒருவரும் உடன் வருவார் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது.

கண்காணிப்பாளரின் பெயர் இஷென்பெக் சாதிரோவிச். எங்கள் மொழியில் இஷென் என்றால் நம்பிக்கை. அவர் தன் பெயரை மட்டும்தான் நம்பினார்; அதையும் பாஸ்போர்ட்டில் பார்த்த பிறகு. ஐம்பத்தெட்டு வயது, சாம்பல் நிற மஃப்ளர், பை நிறைய கம்பியும் ஈய முத்திரைகளும். மன்றத்தில் பத்தொன்பது ஆண்டு சேவை. வேன் எல்லை கடந்து அல்மாட்டியைத் தாண்டும்போது தன் வாழ்க்கைச் சாதனையை அவரே சொன்னார்.

"பத்தொன்பது வருஷம், தம்பி. ஒரு சம்பவம் கிடையாது. எங்க மொழியில சேதத்துக்குச் சம்பவம்னு பேரு. சம்பவம் நடந்தா ஒன்பதாம் படிவம் எழுதணும். அந்தப் படிவத்தை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல. எட்டுக்கு அப்புறம் நேரா பத்துதான் அச்சாகி வருது."

பல்காஷ் ஊரில் ஏரிக்கரை விடுதியின் மூன்றாம் மாடியில் அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் ஏரி; ஆனால் பத்திரப்படி ஜன்னலைத் திறக்கக் கூடாது. இஷென்பெக் சாதிரோவிச் ஜன்னல் சட்டத்தில் இரண்டு ஈய முத்திரை வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து பட்டியலை வாசிக்கத் தொடங்கினார். மெதெர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து காட்டினான். கேமரா ஒன்று. லென்ஸ் ஐந்து. முக்காலி இரண்டு. பீரங்கி ஒன்று.

பீரங்கி என்பது ஒலிவாங்கி. நீளமாக இருப்பதால் ருஷ்ய மொழியில் தொழில்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் அரசுக் காகிதங்கள் எல்லாம் ருஷ்ய மொழியில்தான். இஷென்பெக் சாதிரோவிச் பீரங்கியைப் பார்த்துத் தலையசைத்து, சரி என்று குறித்தார். அடுத்த வரியில் நின்றுவிட்டார்.

"ஹ்லபூஷ்கா ஒண்ணு."

மெதெர் காட்சி எண் எழுதித் தட்டும் கிளாப் பலகையை எடுத்து நீட்டினான். ருஷ்ய மொழியில் அதற்கு அதுதான் பெயர். புத்தாண்டுக்கு வெடிக்கும் பட்டாசுக்கும் அதே பெயர்தான்.

"இது பலகை" என்றார் அவர்.

"இதுதான் சார் ஹ்லபூஷ்கா. இப்படித் தட்டுவாங்க." தட்டினான். அவர் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார்.

"அறைக்குள்ள வெச்சு வெடிக்கிறீங்களா?"

"இது வெடிக்காது, இஷென்பெக் சாதிரோவிச். மரம்."

"எது வெடிக்கும் எது வெடிக்காதுன்னு முடிவு பண்றது நானும் இல்ல, நீங்களும் இல்ல. பட்டியல்ல ஹ்லபூஷ்கான்னு இருக்கு. மன்றம் அதைப் பட்டாசு வகையில சேர்த்து முத்திரை போட்டிருக்கு. பட்டாசுக்கு மணல் வாளி வேணும். இரும்புப் பெட்டி வேணும். பேட்டரிக்கு மூணு மீட்டர் தள்ளி இருக்கணும்."

"பட்டியல்ல அடிச்சிடலாமே?"

"பட்டியல்ல ஒரு வரி மாறினா பத்திரம் செல்லாது."

"அப்ப தூக்கிப் போட்டுடறேன்."

"அப்ப அது சம்பவம்."

விடுதித் தளப் பொறுப்பாளர் ரைஹான், மணல் வாளி கேட்டதும் வந்து பார்த்தாள். ஐம்பது வயதுக் கஸக் பெண். கேள்வி கேட்காமல் எதையும் கொடுக்காதவள். பலகை வாளிக்குள் மணலில் நட்டு வைக்கப்படுவதை நிதானமாகப் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்தவா, முளைக்குமா?" என்று கேட்டாள்.

பீரங்கியும் பட்டாசும் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்பது அப்போதுதான் இஷென்பெக் சாதிரோவிச்சுக்கு உறைத்தது. பீரங்கி குளியலறைக்குப் போயிற்று. பதினான்காம் விதிப்படி எல்லாப் பொருள்களும் எந்நேரமும் பொருட்பொறுப்பாளரின் கண்ணில் பட வேண்டும். அதனால் குளியலறைக் கதவைக் கழற்றி வராந்தாவில் சாத்தி வைத்தார்கள்.

மறுநாள் காலை புருல் வந்தாள். காதுவரை இழுத்த கம்பளித் தொப்பி, கையில் தேநீர். "பனி நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். மீன் பிடிக்கிறவங்க துளை போட்டு அளந்தாங்க. லாரியே போகலாம்னு சொல்றாங்க. கிளம்பு."

மெதெர் கேமராவைத் தூக்கினான். கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இஷென்பெக் சாதிரோவிச் எழுந்திருக்கவில்லை.

"இருபத்திரண்டாம் விதி. பயன்படுத்தும் இடம், வைத்திருக்கும் இடத்தைவிடப் பாதுகாப்பில் குறைஞ்சதா இருக்கக் கூடாது. ஏரிக்குக் கதவு உண்டா?"

புருல் அவர் சிரிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ஏரிக்கு ஏது கதவு, அண்ணே?"

"பூட்டு?"

"இல்ல."

"சுவர்?"

"சுத்தி கரை இருக்கு."

"கரையோட உயரம்?"

"அண்ணே, நாங்க படம் எடுக்க வந்திருக்கோம்."

"அங்கதாம்மா சிக்கலே ஆரம்பிக்குது" என்றார் அவர், வருத்தத்துடனேதான். "கேமராவைக் காப்பாத்தறது எங்க வேலை. அது நல்லபடியாத்தான் நடக்குது. நடுவுல நீங்க வந்து படம் எடுக்கணும்ங்கறீங்க. உலகத்துல எத்தனை கேமரா உடைஞ்சிருக்கோ அத்தனையும் யாரோ படம் எடுக்கும்போதுதான் உடைஞ்சிருக்கு. நான் புள்ளிவிவரம் காட்டறேன்."

புருல் சும்மா இருக்கிறவள் இல்லை. மறுநாளே பனியில் மீன் பிடிப்பவர்களிடமிருந்து ஒரு கூடாரம் வாங்கி வந்தாள். நான்கு பக்கமும் துணிச் சுவர், முன்னால் ஜிப். ஜிப்பில் ஒரு பூட்டும் மாட்டியிருந்தாள். இஷென்பெக் சாதிரோவிச் பனிமேல் போய், கூடாரத்துக்குள் நுழைந்து, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். திருப்தியாக இருந்தது. பிறகு குனிந்து காலடியைப் பார்த்தார்.

"தரை?"

"பனி."

"இது தரையாவே இருக்கும்னு யார் சான்றிதழ் தருவா?"

ஏரியில் விழுந்தவர்களை மீட்கும் நிலையத்தில் அப்படி ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 'இன்று பகல் பன்னிரண்டு மணிவரை இது தரை' என்று எழுதி முத்திரை போட்டிருந்தது. அதைப் பிஷ்கேக்குக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க மூன்று நாள் ஆயிற்று. ஒப்புதல் வந்தபோது சான்றிதழ் காலாவதியாகி மூன்று நாள். பனி இருபத்தெட்டு சென்டிமீட்டர்.

இதற்குள் மெதெர் அறையைவிட்டு ஆறு நாளாக வெளியே போகவில்லை. கேமரா வெளியே போக முடியாது. கேமராவை விட்டு அவன் போக முடியாது. கண்ணாடி வழியாகத் தெரியும் ஏரிக்கு ஒவ்வொரு நாளும் நிறம் மாறியது. முதல் நாள் வெள்ளை. பிறகு நீலம் கலந்தது. ஆறாம் நாள் கரையோரம் சாம்பல் நிறத்தில் ஈரம் மினுங்கியது. அவன் விரல்களால் சட்டம் கட்டி, ஒரு கண்ணை மூடி, அந்த மனிதன் எங்கிருந்து எங்கே நடக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

ரைஹான் வறுத்த மீனும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். "என்ன கிர்கிஸ் மாப்பிள்ளை, உங்க ஊர்லயும் புதுப்பொண்ணு திரைக்குப் பின்னால மூணு நாள்தானே உக்காரும்? நீ ஆறு நாள் தாண்டிட்டே. யாரு வந்து முகம் பார்க்கணும்?"

"பத்திரம் அப்படி, அக்கா."

"படிச்சுப் பார்த்தியா?"

"அறுபத்துமூணு பக்கம்."

"வேற என்ன வேலை உனக்கு?"

ஏழாம் நாள் புருல் மன்றத் தலைவரிடமே தொலைபேசியில் பேசினாள். இஷென்பெக் சாதிரோவிச் மரியாதைக்காக எழுந்து நின்றார். ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் கனிவாக வந்தது.

"அம்மா, உங்க தவிப்பு புரியுது. நானும் கலையை நேசிக்கிறவன். எங்க மன்றம் தொடங்கி இருபத்தாறு வருஷம். ஒரு சேதம் இல்ல. எப்படின்னு வெளிநாட்டுக்காரங்க வந்து கேட்கிறாங்க. முதல் பன்னிரண்டு வருஷம் நாங்க எந்தக் கேமராவையும் வெளிய விடவே இல்ல. அப்புறம் அமைச்சகத்துல வருத்தப்பட்டாங்க. அனுப்பினோம், பெட்டிக்கு முத்திரை போட்டு அனுப்பினோம். போன வருஷம் ஒரு குழு ஜார்ஜியா போய் இருபது நாள் இருந்துட்டு, முத்திரை கலையாம திரும்பி வந்தாங்க. அவங்களுக்கு விழா எடுத்தோம். படம் எடுக்கறது யாரும் எடுக்கலாம், அம்மா. போன மாதிரியே திரும்பி வரணும். அது ஒரு பண்பாடு."

"ஐயா, பனி உருகுது."

"பனிக்கு நாங்க காப்பீடு கொடுக்கல" என்றார் தலைவர்.

அன்று பனி இருபத்திரண்டு. புருல் தொலைபேசியைக் கட்டிலில் வீசினாள். பிறகு மெதெரைப் பார்த்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "இன்னும் ரெண்டு நாள். அதுக்கப்புறம் யாரும் நடக்க முடியாது. நான் கதையை மாத்தி எழுதணும். பஸ்ல ஏறிப் போற மாதிரி."

பஸ் காட்சியைக் காறையெலும்பு கூடிய ஒளிப்பதிவாளர் பிஷ்கேக்கிலேயே எடுத்துவிடுவார். மெதெருக்கு மறுபடியும் பெட்டிதான்.

மெதெர் பத்திரத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினான். மூன்றாம் பக்கத்தில் சொற்களுக்கு விளக்கம் இருந்தது. அதை நான்கு முறை படித்தான். மறுநாள் காலை, நாற்காலியில் இருந்தவரிடம் நீட்டினான்.

"இங்க பாருங்க, இஷென்பெக் சாதிரோவிச். 'பயன்பாடு என்பது பொருளை வைப்பிடத்திலிருந்து வெளியே எடுப்பதைக் குறிக்கும்.'"

"ஆமா."

"வெளியே எடுக்காம, இந்த அறைக்குள்ளயே முக்காலியில வெச்சு ஓட விட்டா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"அது பயன்பாட்டுல வராது" என்றார் கடைசியில். "அது வைத்திருப்பு. கேமரா ஓடிக்கிட்டே வைத்திருக்கப்படுது."

ஜன்னலைத் திறக்க அனுமதி இல்லை. ரைஹான் பக்கத்து அறை ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, நீளக் குச்சியில் துணி கட்டி, வெளிப்புறக் கண்ணாடியைத் துடைத்தாள். "விழுந்துடப் போறீங்க அக்கா" என்று மெதெர் கத்தினான். "நான் பட்டியல்ல இல்லையே" என்று அவளும் கத்தினாள்.

பனி பதினேழு சென்டிமீட்டர். அதுவும் உள்ளே தேன்கூடு மாதிரி பொத்தல் விழுந்த பனி. நடிகர் கலில் ஐம்பது வயதுக்காரர், பருமன். கரையில் நின்று தொலைபேசியில் கேட்டார்: "மெதெர், நான் குண்டா தெரிவேனா?"

"அங்கிருந்து எறும்பாத் தெரிவீங்க, அண்ணே."

"நல்லது. எறும்பு எடை கம்மி."

கிளாப் பலகை தட்டப்படவில்லை. அது மணலில் இருந்தது. புருல் கரையிலிருந்து கையை உயர்த்தினாள். மெதெர் நீளமான லென்ஸில் கண்ணை வைத்தான். பதினோரு ஆண்டுகளாக அடுத்தவர் கண்ணுக்காகத் துடைத்த கண்ணாடிக்குள் முதன்முறையாக அவன் கண்.

கலில் நடந்தார். சாம்பல் வெளியில் ஒரு கறுப்புப் புள்ளி. நடுவில் எங்கோ பனிக்கு அடியில் நீளமாக ஒரு முனகல் ஓடியது. மூன்றாம் மாடிக் கண்ணாடியே அதிர்ந்தது. கலிலின் காலுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கோடு பிறந்து, வளைந்து, அவரைக் கடந்து போயிற்று. அவர் நின்றார். திரும்பிக் கரையைப் பார்த்தார். அது நடிப்பு இல்லை. பிறகு குனிந்து, கோட்டின் அகலத்தை ஒரு குழந்தையைப் போல அளந்து பார்த்துவிட்டு, தாண்டி, போய்க்கொண்டே இருந்தார். மெதெர் லென்ஸை மெல்லத் திருப்பி அவரைப் பின்தொடர்ந்தான். ஒரு நிமிடம் ஐம்பது நொடி. வெட்டே இல்லாத ஒரே ஓட்டம். கடைசியில் இடது கால் முழங்கால்வரை தண்ணீருக்குள் போனது. மீனவர்கள் கயிறு போட்டு இழுத்துக்கொண்டார்கள்.

மதியம் காற்று திரும்பியது. மாலைக்குள் ஏரி முழுக்கத் தண்ணீர்.

மறுநாள் காலை இஷென்பெக் சாதிரோவிச் முடிவுப் பட்டியலை எடுத்தார். கேமரா ஒன்று, சரி. லென்ஸ் ஐந்து, சரி. பீரங்கி, சரி. பட்டாசு, வெடிக்காத நிலையில், சரி. நினைவக அட்டை...

"இங்க 'காலி, நாலு'ன்னு இருக்கு. ஒண்ணு காலியா இல்ல."

"அதுலதான் சார் காட்சி இருக்கு."

"போன மாதிரியே திரும்பி வரணும். காலி பண்ணுங்க. நான் கையெழுத்துப் போடறேன், வேன் கிளம்பட்டும்."

மெதெர் எழுந்தான். "புருல் அக்கா கம்ப்யூட்டர்ல ஒரு நகல் எடுத்துட்டு..."

"காப்பீடு செய்த பொருளுக்குள்ள இருக்கறதை வெளிய எடுக்கறதா?" அவர் மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். "நேத்து நீங்கதானே தம்பி காட்டினீங்க? வெளியே எடுத்தா பயன்பாடு."

"காலி பண்ணலேன்னா?"

"பட்டியல் முடியாது. பட்டியல் முடியாத வரைக்கும் நீங்க பொருட்பொறுப்பாளர். இந்த அறையிலதான் இருக்கணும். எனக்கும் வேற வழி இல்ல, நானும் இருப்பேன்."

அதைச் சொல்லிவிட்டு அவர் ஜன்னலைப் பார்த்தார். அவருக்கும் ஊரில் வீடு இருந்தது. மெதெர் கட்டிலில் உட்கார்ந்தான். கேமராவைத் திறந்து அட்டையை எடுத்தான். பெருவிரல் நகம் அளவு. சற்று நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு அதைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, கையை விரித்துக் காட்டினான்.

"ஒரு அட்டையைக் காணோம், இஷென்பெக் சாதிரோவிச்."

"என்னது?"

"தொலைஞ்சு போச்சு. சம்பவம். எழுதிக்குங்க."

கண்காணிப்பாளரின் முகத்தில் பத்தொன்பது ஆண்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்தன.

"விளையாடாதீங்க. என் கண்ணு முன்னாலதான் காலுறைக்குள்ள வெச்சீங்க."

"உங்க கண்ணு முன்னாலயே தொலைஞ்சுதுன்னும் எழுதிக்குங்க. ஒன்பதாம் படிவம் கொண்டு வாங்க."

"ஒன்பதாம் படிவம் அச்சே ஆகல!"

"நான் காத்திருக்கேன். பழகிடுச்சு."

இஷென்பெக் சாதிரோவிச் அறையில் இரண்டு முறை நடந்தார். குளியலறையில் பீரங்கியின் பக்கத்தில் நின்று முகம் கழுவினார். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஒன்பது நாளில் முதன்முறையாக, முத்திரைப் பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வெளியே போனார். கடைத்தெருவில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை ஒன்று உண்டு. முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். புதிய அட்டை ஒன்றை உறையிலிருந்து பிரித்து மற்ற மூன்றோடு வைத்தார். உறையை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"காலி, நாலு. சரி."

எழுதினார். சேதம் எதுவும் இல்லை. முத்திரை குத்தினார். மெதெர் எழுந்து நின்றான்.

"தம்பி" என்றார் அவர், கதவைப் பார்த்தபடி. "இப்ப உங்க காலுறையில இருக்கறது எந்தப் பட்டியல்லயும் இல்லாத பொருள். இல்லாத பொருளைப் பார்க்கறதுக்கு விதி எதுவும் இல்ல. கொஞ்சம் போட்டுக் காட்டறீங்களா?"

மெதெர் அட்டையைக் கேமராவுக்குள் செருகிச் சின்னத் திரையைத் திருப்பினான். இஷென்பெக் சாதிரோவிச் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு நிமிடம் ஐம்பது நொடி அவர் அசையவில்லை. கறுப்புக் கோடு பிறந்தபோது அவர் கை தானாக மெதெரின் மணிக்கட்டைப் பற்றியது. காட்சி முடிந்த பிறகும் அதை விடவில்லை. கண் ஓரம் ஈரமாக இருந்ததை மெதெர் பார்த்தான்.

"பனி பிளந்துச்சே" என்றார். "அவர் உள்ள போயிருக்கலாமே."

"போயிருக்கலாம்."

"அந்த மனுஷன்... அவருக்கு நம்ம பத்திரத்துல காப்பீடு இருந்துச்சா?"

"இல்லீங்க. நடிகருங்க யாருமே பட்டியல்ல இல்ல."

இஷென்பெக் சாதிரோவிச் நெடுமூச்சு விட்டு, மணிக்கட்டை விட்டார்.

"அப்பாடா" என்றார்.